அழிக்கச் சொன்ன ஏழாம் பகுதி

நானும் அக்காவும் கிளிநொச்சியில், எங்கள் வீட்டு அறையொன்றில் இருந்துகொண்டு பொட்காஸ்ட் செய்கிறோம். சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்களோடு கதைப்பதுதான் அது. போன வருடம் பழைய பகுதிகளையெல்லாம் மறுபடி கேட்டுத் திருத்த உட்கார்ந்தோம். கடைகளுக்கு வரச் சொல்லியிருந்த, இப்போது மாறிப்போன பஸ் நேரங்களை நீக்கினோம், விளங்காத தலைப்புகளை மாற்றினோம். ஆரம்பப் பகுதிகளில் என் குரல் செய்தி வாசிப்பதுபோல விறைத்துக் கிடந்தது. அதையும் வெட்டுவோமா என்று கேட்டேன்.

"அப்ப உன்னை முழுசா வெட்டவேணும்," என்றாள் அக்கா.

ஏழாம் பகுதியில் முரசுமோட்டையில் உடுப்புத் தைக்கும் அன்ரி ஒருவர் பேசியிருந்தார். அப்போது அவர் தைத்த உடுப்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு டவுனுக்கு வருவார். "ஸ்கூட்டி ஓடமாட்டீங்களோ?" என்று நான் கேட்க, "ஐயோ, பொம்பிளையளுக்கு உது சரிவராது பிள்ளை!" என்று சிரிக்கிறார். அதே அன்ரியை அதற்கு முந்தின மாதம்தான் சந்தையடியில் சிவப்பு ஸ்கூட்டியில் கண்டிருந்தோம். அவருக்குப் போன் எடுத்து, பழைய பகுதியில் அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"அதை அழிச்சுப்போடுங்கோ. என்ர மகள் போட்டுப் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள். வெக்கமாக் கிடக்கு."

நான் அழிக்கத் தயாராகிவிட்டேன். அக்கா போனை வாங்கினாள். "அழிக்கமாட்டம் அன்ரி. வந்து இப்பத்தைய கதையைச் சொல்லுங்கோ, முன்னால சேர்ப்பம்."

சனிக்கிழமை ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டோடேயே மைக்கின் முன் இருந்தார். கழற்றச் சொன்னதும் தலைமயிர் அமுங்கிப்போய்விட்டதென்று சீப்புக் கேட்டார். "குரல் மட்டும்தான் அன்ரி," என்றாள் அக்கா. அவர் ஆற அமரச் சீவி முடித்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

மழைக்காலமொன்றில் சைக்கிள் சறுக்கி, கலியாண வீட்டுச் சட்டைகள் எல்லாம் சேற்றில் விழுந்தனவாம். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் விளையாட்டு மைதானத்தில் வைத்து ஸ்கூட்டி ஓடப் பழக்கியிருக்கிறார். அன்ரி இரண்டு தரம் விழுந்தாராம்.

"எனக்குப் பயம் எண்டு சொல்ல அண்டைக்கு வெக்கமா இருந்தது. அதாலதான் எல்லாப் பொம்பிளையளையும் சேர்த்துச் சொல்லிப்போட்டன்," என்றார்.

அவர் பேச்சை அப்படியே பழைய பகுதியின் தொடக்கத்தில் சேர்த்தோம். என் விறைத்த கேள்வியை வெட்ட முடியவில்லை. அன்ரியின் சிரிப்பு அதற்கு மேலேயே விழுந்திருந்தது.

சில நாட்களில் அதைக் கேட்டுவிட்டு ஓமந்தையிலிருந்து ஒரு பெண் எழுதினார். இந்த வயதில் தன்னாலும் ஸ்கூட்டி பழகமுடியுமா என்று கேட்டிருந்தார். அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"வரச் சொல்லுங்கோ, நான் பழக்கிவிடுறன். பழைய உடுப்போட வரச்சொல்லி எழுதுங்கோ."