அண்ணா தட்டிப் பார்த்த சுவர்கள்

எங்கள் அண்ணா யார் வீட்டுக்குப் போனாலும் கதிரையில் அமர்வதற்கு முன் சுவரை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய வீட்டுச் சுவர்களுக்கும் அவருடைய விரல் மொளி பழக்கப்பட்டதுதான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த வேளையில், அவருடைய வாழ்க்கையை ஒழுங்காக எழுதும்படி அண்ணி என்னிடம் கேட்டார். நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன் என்பதே காரணம். அந்தக் குறிப்பேடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

அண்ணா 1941இல் கரவெட்டியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் ஐயா காலமானபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது. கட்டடத் திணைக்களத்தில் படவரைஞராகச் சேர்ந்து அக்காவையும் என்னையும் படிப்பித்தார். 1986இல் ரொறன்ரோ வந்தபோது அவருடைய தொழிலை இங்கு எவரும் கணக்கில் எடுக்கவில்லை. பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தார்.

1992இல் வீட்டு விலைகள் விழுந்திருந்தன. நம்மவர்கள் நகரின் கிழக்கே மல்வேர்னிலும் பிக்கரிங்கிலும் புது வீடு தேடிக்கொண்டிருக்க, அண்ணா நகரின் மேற்கே, விக்ரோரியா காலத்துச் செங்கல் வீடுகளைப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றை வாங்கித் திருத்தி விற்பது, அதில் வருவதைக் கொண்டு அடுத்ததை வாங்குவது என்பது திட்டம். நானும் அக்காவின் கணவரான அத்தானும் பங்காளிகள்.

முதல் வீட்டைக் காட்டிய தமிழ் முகவர், "அண்ணை, உள்ளுக்கெல்லாம் புதுசா பெயின்ற் அடிச்சிருக்கு" என்றார்.

"அதுதான் பயமாக் கிடக்கு. எதை மறைக்க அடிச்சவை?"

அண்ணா சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போளையை எடுத்து நிலத்தில் விட்டார். அது உருண்டு உருண்டு மூலையில் போய் நின்றது. "வீடு உந்தப் பக்கம் சரியுது."

"பொம்பிளை பாக்கப் போன இடத்திலயும் தட்டித்தான் பாத்தனீங்களோ?" என்று முகவர் கேட்டார்.

"இல்லை. அவதான் என்னைத் தட்டிப் பாத்தவ."

ஒவ்வொரு வீட்டுக்கும் அண்ணா தானே வரைபடம் கீறுவார். கண்ட பழுது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று வரி எழுதுவார்: இடம், திகதி, செய்தவர். செய்தவர் என்ற வரியில் 'மழை' என்றிருக்கும், 'எலி' என்றிருக்கும், 'குழாய் பூட்டிய அரைகுறை' என்றும் இருக்கும். காரணம் பிடிபடும் வரை அவருக்கு நித்திரை வராது. அந்த வரியை வெறுமையாக விட்டு அவர் ஒரு தாளையும் சுருட்டி வைத்ததில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

முதல் வீடு 1994இல் நல்லபடி விற்றது. அடுத்த ஆண்டு இரண்டாவது வீட்டை வாங்கினோம். அது ஒடுங்கி உயர்ந்த வீடு. பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். அங்கே ஒரு போர்த்துக்கேய முதியவர் தனியே இருந்தார். இந்த வீட்டைப் பற்றித்தான் நம் உறவுக்குள் இன்றுவரை ஒரு பேச்சு இருக்கிறது. அண்ணா கவனமில்லாமல் வாங்கி எல்லாரையும் நட்டப்படுத்தினார் என்பது அந்தப் பேச்சு. அதைத் திருத்தாமல் இந்த மலரை உங்கள் கையில் தர என்னால் முடியாது.

"விக்கிற வீடெண்டாலும் பால் காய்ச்சாமல் கை வைக்கக் கூடாது" என்று அக்கா சொல்லிவிட்டார். சுவாமி படம் வடகிழக்கு மூலையில் இருக்க வேண்டும். அந்த மூலையில் இருந்ததோ, விறகு எரிப்பதற்காகச் சுவருக்குள் கட்டிய கணப்பு. சுவாமிக்கென்றே அமைந்த மாடம்போல இருந்தது அது. ஞாயிறு காலை அண்ணா வேலையில் நின்றார். ஆயத்தம் செய்ய நான் தனியே முன்னதாகப் போனேன். அக்கா தந்துவிட்ட முருகன் படம் அகலம் கூடிப்போய் உள்ளே நுழைய மறுத்தது. நல்ல நேரம் நெருங்கியது. நான் உளியும் சுத்தியலும் எடுத்து, இடப்பக்கம் நான்கு செங்கல்லை உடைத்து எடுத்தேன். படம் அளவாக உட்கார்ந்தது. பால் கிழக்கே பொங்கி வழிந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். மறுநாள் உடைத்த இடத்தைச் சாந்து பூசி மறைத்தேன். கணப்பின் மேல் வளைவு அந்த நான்கு கற்களில்தான் கால் ஊன்றியிருந்தது என்பதோ, மேல்மாடிப் புகைபோக்கியின் பாரம் அந்த வளைவில்தான் இறங்கியது என்பதோ எனக்குத் தெரியாது.

ஐந்தாவது கிழமை மேல்மாடிச் சுவரில் வெடிப்புத் தெரிந்தது.

அண்ணாவின் சந்தேகம் தொடங்கியது. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். "உந்த ரோட்டுத் தண்டவாளத்தில ஸ்ரீற்கார் ஓடுற அதிர்வோ?" என்பார். பக்கத்துச் சுவரில் காதை வைத்து, "கிழவன் கீழே ஏதும் இடிக்கிறானோ?" என்பார். கடைசியாக ஒருநாள் கேட்டார்:

"தம்பி, உனக்கு என்ன தோணுது?"

"முந்தி இருந்தவை ஏதும் செய்திருப்பினம், அண்ணை."

"ஓம். இருக்கும்." போளையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வாங்க வந்தவர்கள் பரிசோதகரைக் கொண்டுவந்து காட்டினார்கள். வெடிப்பைக் கண்டதும் போய்விட்டார்கள். அந்த வார இறுதியில் அக்கா வீட்டில் நாங்கள் பதினைந்து பேர் கூடியிருந்தோம். அத்தான் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

"மச்சான், ஊர்ச் சுவரெல்லாம் தட்டித் திரிஞ்சியள். உங்கட சுவரைத் தட்ட மறந்திட்டியளோ?"

சிலர் சிரித்தார்கள். அண்ணா என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் பாத்திருக்க வேணும், மச்சான்" என்றார். என் கையில் தேநீர் இருந்தது. நான் அதைக் குடித்து முடித்தேன்.

அத்தான் பங்கிலிருந்து விலகினார். அண்ணாவுக்கு 'வெடிப்பர்' என்ற பெயர் விழுந்தது. அவர் இரும்புத் தூண் கொடுத்துப் புகைபோக்கியைத் தாங்கி, வெடிப்பை முதலில் காட்டிவிட்டே வீட்டை விற்றார். மூன்றாவது வீடு வாங்கவில்லை. 1998 இலையுதிர் காலத்தில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். கட்டிலருகே இருந்த சுவரைத் தட்டி, "வெறும் அட்டை" என்று தாதியிடம் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்காமலே அங்கே காலமானார். நானும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரைக்காக அண்ணி வரைபடச் சுருள்களைத் தந்தார். இரண்டாவது வீட்டின் தாளில், கணப்பின் இடப்பக்கம் சிவப்புப் பென்சிலால் வட்டம். "புதுச் சாந்துக்கு உள்ளே நாலு கல். பழைய உடைப்பென்றால் கரி படிந்திருக்கும். இது உள்ளே சிவப்பு." கீழே திகதி. என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். அது வெடிப்புத் தெரிந்ததற்கு மறுநாள். ஸ்ரீற்காரையும் கிழவரையும் அவர் சந்தேகித்ததெல்லாம் அதற்குப் பிறகு. அந்த முதியவரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குளிர்காலம் முழுவதும் அவருடைய வாசல் பனியையும் சேர்த்தே வழித்தார். என் முன்னால் மட்டும் ஏன் அப்படிச் சந்தேகப்பட்டார்? நானாக வாய் திறப்பதற்குத் தவணை தந்தாரா? எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. செய்தவர் என்ற வரி வெறுமையாக இருந்தது.

அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கும், தொழிற்சாலை நண்பர்களுக்கும், மழையில் வந்து இறுதிக் கிரியைகளில் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாள்களை எறியாமல் காத்த அண்ணிக்கு என் தனி நன்றி. கோபத்தில் இருந்தும் அண்ணாவின் பெட்டிக்கு முதல் தோள் கொடுத்த அத்தானுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அந்த வரியை நான் பேனையால் நிரப்பியிருக்கிறேன். தாள் இன்று நினைவு நிகழ்ச்சி மண்டப வாசலில், அண்ணாவின் படத்துக்குக் கீழே விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அத்தான் அதை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி