பாட்டுக்குப் பூட்டு போட்ட காலம்

பூட்டு செய்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: பூட்டு சரியாக வேலை செய்தால்தான் அவனுக்குத் திட்டு விழும். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் சக பாவிகளே, நான் செய்தது செல்போன் பாட்டுக்கான பூட்டு.

பட்டன் போன் காலம் அது. கடையில் ஒரு பாட்டை வாங்கினால், அதோடு ஓர் அனுமதிச் சீட்டும் போனுக்குள் போய் உட்காரும். இத்தனை தடவை கேட்கலாம், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை கேட்கலாம், அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது என்று அதில் இருக்கும். பாட்டைப் போடும் முன் போன் எங்கள் மென்பொருளைக் கேட்கும். நாங்கள் சீட்டைப் பார்த்து ‘ஆகட்டும்’ அல்லது ‘ஆகாது’ என்போம். போனுக்கும் பூட்டுக்கும் நடுவே நடக்கும் இந்தப் பேச்சுக்கு இடைமுகம் (இன்டர்ஃபேஸ்) என்று பெயர். பொருத்தமான சொல்தான், அறை விழுவதெல்லாம் முகத்தில்தானே.

திருப்பதியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் அறை. நானும் ஜமுனாவும் மட்டும். நான் எழுதுவேன்; சித்தூர்க்காரியான ஜமுனா அதை உடைத்துப் பார்ப்பாள். எங்களோடு படித்தவர்கள் எல்லாம் பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிவிட, நாங்கள் மட்டும் ஊரோடு இருந்தோம். பெங்களூர் தலைமை அலுவலகத்து மேலாளர் முரளிக்கு அது கண்ணை உறுத்தியது. எங்கள் பூட்டைத் திருப்பதி, சித்தூர்க் கடைகளில் சோதனைக்கு விட்டார். புகார் அதிகமானால் அறையை மூடிவிட்டு எங்களைப் பெங்களூருக்கு அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஜமுனாவின் கணவருக்குச் சித்தூரில் பள்ளிக்கூட வேலை. அறை போனால் அவளுக்கு வேலை போகும். எனக்கு மானம் போகும்.

என்ன வேலை?

வடமாலபேட்டையில் ஒரு கிரகப்பிரவேசம். புத்தூர்ப் பையனான நான் கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறேன் என்று பெரியப்பா பந்தியிலேயே விசாரணையை ஆரம்பித்தார். நான் விளக்கினேன். எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. ரசத்தில் தொடங்கி மோர் வரைக்கும் விளக்கினேன். கையை உதறிக்கொண்டு எழுந்தவர், நான் எழுதிய பெரிய கையேட்டின் சாரத்தைப் பிழிந்து கொடுத்தார்:

“பாட்ட எழுதனவன் நீ இல்ல, பாடனவனும் இல்ல, கேக்கறவனும் இல்ல. கதவாண்ட நின்னுக்கினு ‘யாரு நீ’ன்னு கேக்கறவன். அதுக்கா நைனா எஞ்சினீரிங் படிச்ச?”

பாதிப் பாட்டு

பிடித்தால் வாங்கலாம் என்று மூன்று தடவை மட்டும் இலவசமாகக் கேட்க ஒரு பாட்டைக் கொடுத்திருந்தோம். சித்தூர்க் கடைக்கு நான் போயிருந்தபோது புத்தலப்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். தக்காளி லோடு இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். தான் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்கவில்லை என்றார். உண்மைதான். பல்லவி முடிவதற்குள் ஒவ்வொரு தடவையும் மண்டிக்காரர் போன் செய்துவிட்டார். தொடங்கினாலே ஒன்று என்பது எங்கள் கணக்கு. விதிப்படி அது சரி என்று நான் சொல்லிப் பார்த்தேன். விதியைச் சொல்லுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

அவர் கோபப்படவில்லை. அன்றே கணக்கை மாற்றினேன்: நடுவில் அழைப்பு வந்து நின்ற பாட்டு எண்ணிக்கையில் சேராது. மாற்ற வைத்தது அவர் கேட்ட கேள்வி:

“ரெண்டு வாய் துன்றதுக்குள்ள எலய எடுத்துட்டு, முழு சாப்பாடு துன்னான்னு சொன்னா நீ ஒத்துக்குவியா சார்?”

சம்பந்தி மரியாதை

கங்காதர நெல்லூரில் ஒருவர் மகளுக்கு நிச்சயம் செய்தார். மாப்பிள்ளையின் அப்பா இவர் போனில் ஒலித்த பாட்டை ரசித்து, “எனக்கும் அனுப்புங்க” என்றாராம். இவர் புளூடூத்தில் அனுப்ப, எங்கள் பூட்டு ‘ஆகாது’ என்றது. சபையில் சம்பந்திக்கு இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மனிதர் அசரவில்லை. தன் போனில் பாட்டைப் போட்டு, சம்பந்தி போனைப் பக்கத்தில் வைத்து, அதில் ரெகார்டிங்கை அழுத்திவிட்டார். நாதஸ்வரமும் யாரோ இருமியதும் சேர்ந்து பதிவாகியிருந்தன. இதைக் கடையில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டிவிட்டு, என்னை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தார்:

“உன் பூட்டு கெட்டிதான். ஆனா பாட்டே வாயத் தொறந்து பாடிக்கினு இருந்தா பூட்டு இன்னா பண்ணும், பாவம்?”

திருப்பதியில் மட்டும்

பிறகுதான் இடி விழுந்தது. பஸ் நிலையத்துப் பக்கக் கடைகளில் ஒரு மாத அனுமதியோடு பக்திப் பாடல்கள் விற்றன. மறுநாளே பாட்டு ஊமையாகிவிட்டது என்று வரிசையாகப் புகார். சித்தூரில் அதே பாட்டு, அதே பூட்டு. ஒரு புகாரும் இல்லை. முரளி போனில், “அடுத்த வாரம் வர்றேன். சாமான் கட்ட ஆரம்பிங்க” என்றார். நான் எழுதியதை வரி வரியாகப் படித்தேன். தப்பே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜமுனா படிக்கவில்லை, இறங்கிப் போய்க் கடை வாசலில் நின்றாள். புகார் சொன்ன ஒவ்வொருவரும் மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள். தரிசனத்துக்கு முன் போனைக் கொடுத்து வைக்க வேண்டும். நம் ஜனங்கள் போனை மட்டும்தான் கொடுத்தார்கள். பேட்டரியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். மணிக்கணக்கில் பேட்டரி இல்லாத போன் தேதியை மறந்து, தொழிற்சாலையில் வைத்த பழைய தேதிக்கே போய்விடும். மாட்டியதும் தேதி கேட்கும். பசியோடு இறங்குகிறவர் அதை நிரப்பாமலே தாண்டிவிடுவார். அந்தப் பழைய தேதிப்படி அனுமதியோ இன்னும் தொடங்கவே இல்லை! என் பூட்டு விதி பிசகாமல் ‘ஆகாது’ என்றது. ஏன் கழற்றினீர்கள் என்று நகரிக்காரம்மா ஒருவரை ஜமுனா கேட்டாள்.

“போனத்தான வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். உசிரையும் சேத்தா குடுத்துட்டு வருவாங்க? நல்லா கேட்ட போ!”

திருடனும் பக்தனும்

முரளி நம்பவில்லை. “பேட்டரியை எவன் கழட்டுவான்? தேதியைப் பின்னாடி தள்ளி ஓசியில கேக்கறானுங்க” என்றார். அப்படி அனுமதி நாளை நீட்டிக்கொள்கிறவர்களும் இருந்தார்கள்; அவர்களுக்காகவே, தேதி பின்னால் போனாலே ‘ஆகாது’ என்று பூட்டில் எழுதியிருந்தேன். திருடன், பக்தன் இரண்டு பேரும் தேதியைப் பின்னுக்குக் கொண்டுபோகிறவர்கள்தான். பூட்டு எப்படி ஆள் பார்க்கும்? ஜமுனா இட்லி சாப்பிட்டுக்கொண்டே அதைத் தீர்த்தாள்:

“திருடன் நாலஞ்சு நாள்தான் பின்னாடி போவான். பக்தன் போன் பொறந்த நாளுக்கே போயிடறான். மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?”

மேலாளர் மலையேறுகிறார்

அப்படியே எழுதினேன். தேதியைக் கொஞ்சம் நகர்த்தியவருக்குப் பழையபடி ‘ஆகாது’. பிறந்த தேதிக்கே போன போனுக்கு மட்டும், “பாட்டு பத்திரமாக இருக்கிறது. இன்று என்ன தேதி?” என்று தமிழிலும் தெலுங்கிலும் ஒரு வாசகம். பாட்டைக் கடைசியாகக் கேட்ட நாளுக்கு முந்தைய தேதியைச் சொன்னால் செல்லாது. நான் எழுதியவற்றுள் அச்சுப்பிழை தவிர வேறெதற்கும் அஞ்சாமல் கையெழுத்துப் போடக்கூடிய வரிகள் அவை.

முரளி வந்தார். புதுப் பூட்டை அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்தேன். “முதல்ல தரிசனம், அப்புறம் இந்த ரூம் விஷயம்” என்று கிளம்பினார். மறுநாள் மொட்டைத் தலையும் லட்டுமாக வந்து உட்கார்ந்தார். “பாட்டு பாடுதான்னு பாப்போம்” என்று பொத்தானை அழுத்தினார். பாட்டு வரவில்லை. இன்று என்ன தேதி என்று போன் அவரைப் பணிவாகக் கேட்டது.

ஜமுனா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “சார், பேட்டரி?” என்றாள். அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவியது. தேதியை அடித்தார், பாட்டு பாடியது. லட்டை மூன்றாகப் பிட்டு, பெரிய துண்டை அவளிடம் நீட்டினார்.

“ரூமை பெங்களூருக்குத் தூக்கிக்கிட்டுப் போயிடலாம்மா. மலையை யாரு தூக்கிக்கிட்டு வர்றது?”

இன்று பாட்டெல்லாம் காற்றிலேயே வருகிறது, பூட்டு எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. ஆனால் திறக்க மறுத்த பூட்டின் புண்ணியத்தில் சொந்த ஊரிலேயே காலம் தள்ளிய பூட்டுக்காரன் நானாகத்தான் இருப்பேன்.