வெள்ளிக்கிழமை பெருத்த புள்ளி

எங்கள் ஊர் ராஜகிரி மலைமேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யில்லை. வில்லுக்குத் துணைச் சாமான் விற்கிறவனை நம்புகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. அம்பு நடுவில் பட்டால் எய்தவன் கைராசி, தப்பினால் என் சாமான் சரியில்லை. கடை வைத்துப் பேச்சு வாங்குகிறவர்களே, உங்களுக்கும் இது தெரிந்த கதைதான்.

எடை போட்ட ஏழுமலை

டிராக்டர் ஓட்டும் ஏழுமலைக்கு மாவட்ட வில்வித்தை அணியில் சேர ஆசை. வயசு ஏறிவிட்டது, இந்தத் தேர்வை விட்டால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். வில் ஆடாமலிருக்க முன்னால் திருகும் ராடும், குறி பார்க்கும் லென்ஸும் என்னிடம் வாங்கினான். லென்ஸ் நடுவில் கடுகளவு சிவப்புப் புள்ளி. அதை இலக்கின் நடுவில் பொருத்தி விட்டால் அம்பு அங்கே போகும்.

அதில் பார்த்தால் மலையுச்சியில் குரங்கு பேன் பார்ப்பது தெரியும். எந்தக் குரங்கின் பேன் என்றுகூடத் தெரியும் என்றேன். அவன் நம்பவில்லை. ராடை எதிர் மளிகைக்கடைத் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "கனம் கீது, பெரிசு. ஆனா உள்ள இன்னா ரொப்பி வச்சிக்கிறன்னு யாருக்குத் தெரியும்?"

ஊர் மாறும் அம்பு

ஒரு வாரம் அம்பெல்லாம் ஒரே கொத்தாக இடப்பக்கம் போயின. லென்ஸை நகர்த்திச் சரிசெய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கொத்து வலப்பக்கம் போனது. மறுபடி நகர்த்தினேன், மறுபடி வெள்ளிக்கிழமை வந்தது. கடைசியில் ஓர் அம்பு மேல்சித்தாமூர் எல்லை வரை போய்விட்டு வெயில் தாங்காமல் திரும்பி வந்தது.

அவலூர்பேட்டையில் இதே சாமான் விற்கிறவன் வந்து லென்ஸ் திருகைத் தளர்த்துகிறானோ என்று எனக்குச் சந்தேகம். ஏழுமலை குடிக்கிறானோ என்று பயிற்சி மாஸ்டருக்குச் சந்தேகம். அவன் வாயை மோந்தே பார்த்துவிட்டார். ஏழுமலைக்கு என்மேல்தான். "புள்ளி வாராவாரம் பெருசாவுது, பெரிசு. மொதல்ல கடுகு, இப்ப கடலை. டூப்ளிகேட் லென்ஸுதான இது?"

காவல் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அவன் தோற்றால் என் கடைப் பக்கம் நாய்கூட வராது. ஆகவே வெள்ளிக்கிழமை காலையிலேயே அவன் வீட்டு வேப்பமரத்தின் பின்னால் ஒளிந்து, வில் மாட்டியிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருடன் வரவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு ஏழுமலையின் பெண்சாதி அஞ்சலை வந்தாள். புள்ளியைத் தொடாமல் முந்தானையால் லென்ஸைச் சுற்றித் துடைத்தாள், விரலில் குங்குமம் தொட்டு லென்ஸே நகரும்படி நடுவில் அழுத்தி வைத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் பாய்ந்து போய், "இன்னாம்மா பண்ற?" என்றேன். அவள் என்னைத்தான் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஊர்க்கண்ணு படாம பொட்டு வைக்கிறேன். நீ வித்தப்பவே யாரோ வச்ச பொட்டு கடுகாட்டம் மங்கிக் கெடந்துச்சு. வாராவாரம் அதும்மேலயே வைக்கிறேன், இது ஒரு குத்தமா?"

ராடு நுனி

பொட்டை அழித்தால் புருஷனுக்குச் சோறு கிடையாது என்றாள். கடைசியில் ராடு நுனியில் வைக்கலாம் என்று சமாதானம் ஆனது. லென்ஸைத் துடைத்துச் சரிசெய்தோம். ஞாயிற்றுக்கிழமை அம்பு மேல் அம்பு நடுவில் போய் உட்கார, பின்னால் வந்த அம்புக்கு நிற்க இடமில்லை. ஏழுமலை அணியில் சேர்ந்தான்.

மறுநாள் கடை திறக்குமுன் அவலூர்பேட்டைக்காரன் வாசலில் நின்றான். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு காதருகே குனிந்தான். "ராடு நுனியில செவப்பா இன்னாமோ தடவிக் குடுத்தியாமே. அது எந்த ஊரு கெமிக்கல்?"

அன்றிலிருந்து என் கல்லா பக்கத்தில் ஒரு குங்குமச் சிமிழ் இருக்கிறது, ஆனால் பொட்டால் இல்லை, லென்ஸைத் துடைத்ததால்தான் ஜெயித்தான் என்று சொன்னது நான்தான் என்பதை மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், அஞ்சலைக்குத் தெரிந்தால் அடுத்த பொட்டு என் நெற்றியில் விறகுக்கட்டையால் விழும்.