பாண்டுப் வரி

கோகிலவாணி நான்காவது முறையாக அந்தக் கடைசி வரியைக் கலைத்துக்கொண்டிருந்தார். கோத்த ஈய எழுத்துகளை, அச்சுக் கோக்கும் ஸ்டிக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, புடவைத் தலைப்பில் துடைத்து, சூடான வடையை ஊதுவதுபோல் ஊதி, மரக்கேஸில் அதனதன் அறையில் போட்டார். ஓர் எழுத்துகூட அறை மாறவில்லை. சாஜனுக்கு அதுதான் இன்னும் எரிச்சல். தப்பாகப் போட்டாலாவது ஒரு வார்த்தை சொல்லலாம்.

தாராவியில் அவன் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை அச்சு வகுப்பில் ஆளுக்கு ஓர் அட்டை கோத்து, வேண்டிய பிரதிகள் அடித்து எடுத்துப் போகலாம். மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள். நாலு மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும். இப்போதே மூன்றரை.

"நேராத்தான இருக்கு ஆண்ட்டி? எதுக்குக் கலைக்கீய?"

"ஏக் மினிட்ப்பா. ஸ்பேஸ் சரியில்லை. முப்பது வருஷம் பாலிசி பேப்பர் பார்த்த கண்ணு இது."

இன்சூரன்ஸ் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். கைப்பையில் ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் இருக்கும். மாட்டுங்காவிலிருந்து நடந்தே வருவார். நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாத நாளில் மின்விசிறி மாட்டிக்கொள்ளும்.

அவர் கோப்பது முகவரி மாற்ற அட்டை. முப்பத்தாறு வருடம் குடியிருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். புதன்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு பாண்டுப்பில் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் அட்டைகள் தபாலில் சேர வேண்டும் என்று காலையிலிருந்து அவசரப்படுத்தியதும் அவரேதான்.

ஐந்தாவது முறை கோத்து முடித்ததும் சாஜன் பொறுமையிழந்தான். அவர் கை மறுபடி நீளுமுன் வரியைத் தூக்கிக்கொண்டு போய், படித்துப் பார்க்காமலே சட்டத்தில் முடுக்கி, ட்ரெடில் அச்சு இயந்திரத்தை ஒரு மிதி மிதித்தான். ஈர மையோடு அட்டை வந்தது.

'என் புதிய முகவரி' என்ற தலைப்புக்குக் கீழே, மயிரிழை சாயாமல், மாட்டுங்கா விலாசம்.

"ஆண்ட்டி, இது பழைய வீடுல்லா?"

"தெரியும்ப்பா." அவர் அட்டையைப் பார்க்கவில்லை. "அஞ்சு தடவையும் அதுதான் வந்துது. கை தானா அந்த அறைக்கே போறது."

வாசலில் யோகா வகுப்புக்காரர்கள் பாயோடு வந்து நின்றுவிட்டார்கள். சாஜன் கேஸை இழுத்து, பாண்டுப்பின் 'பா'வில் முதலில் கோக்க வேண்டிய 'ப'வை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் அதைத் துடைக்கவில்லை, ஊதவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை இறுக மூடிக்கொண்டார்.