அம்மா பாதி படித்த புத்தகம்

எங்கள் வீட்டுக்குள் அந்தப் புத்தகம் அப்பாவின் ரத்தக் கொதிப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு நுழைந்தது. உசிலம்பட்டி சந்தைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு மாட்டுத்தீவனக் கடை. பருத்திக்கொட்டை விலை ஏறினாலும் அவருக்குப் படபடப்பு வரும், இறங்கினாலும் வரும். டென்ஷனைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எப்படிக் குறைப்பது என்று தெரியாமல் அப்பா அதற்கும் டென்ஷனானார். கடைக்கு வந்துபோகிற பேங்க்காரர் ஒருவர்தான், தான் படித்த ஆன்மிகப் புத்தகம் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நடந்துபோனதையும் நடக்கப்போவதையும் விட்டுவிட்டு, இப்போது நடப்பதில் மட்டும் மனதை வைத்து வாழ்வது எப்படி என்று சொல்லுகிற புத்தகம். அட்டையில் ஒரு ஏரியும் அதற்குப் பின்னால் பாதிச் சூரியனும் இருந்தன. அது உதிக்கிறதா மறைகிறதா என்று எனக்கும் அக்காவுக்கும் ஒரு நாள் பூராவும் சண்டை.

முதல் சில பக்கங்களைப் படித்த சூட்டிலேயே அப்பா வீட்டில் சட்டம் போட்டார். சாப்பிடும்போது சாப்பாட்டில் மட்டும் கவனம் இருக்க வேண்டும். டிவி கூடாது, பேச்சு கூடாது. தோசையைக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். அடுத்த தோசை வர நேரமானால் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து அடுப்படிப் பக்கம் பார்ப்பார். அப்பா அந்தந்த நிமிடத்தில் இருப்பதற்காக அம்மா இரண்டு அடுப்பிலும் கல்லைப் போட்டுத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாளிலேயே தீவன மூட்டைகள் வரத் தாமதமாகி, அப்பா பழையபடி போனில் கத்தத் தொடங்கினார். புத்தகம் டிவி மேலே ஏறி உட்கார்ந்தது. தூசி தட்டும்போது அதை எடுத்த அம்மா திரும்ப வைக்கவில்லை.

அம்மா எட்டாவது வரை படித்தவள். மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசையப் படிப்பாள். ஒரு பக்கம் முடிய வெகுநேரம் ஆகும். முடிந்ததும் உடனே அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டாள். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. நான்காம் வகுப்புப் படித்த எனக்கு அது கொஞ்சம் பயமாக இருந்தது.

அரைப் பரீட்சை லீவில் ஒரு நாள் மத்தியானம், கலைந்த தலையைக்கூடச் சரிசெய்யாமல் அம்மா எழுந்து, புத்தகத்தை ஒயர் கூடையில் போட்டாள்.

"வாரியா, வெளிய போய்ட்டு வருவம்."

"எங்கம்மா?"

"போனாத்தான தெரியும்."

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற நாள். நாலு நாளைக்கு ஒரு முறைதான் வரும். விட்டால் விலைக்கு வாங்க வேண்டியதுதான். வாசலில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு எல்லாரும் காத்திருக்கிற அந்த நேரத்தில் அம்மா எங்கள் குடங்களை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டினாள். "தண்ணி வர்ற நேரத்துல எங்கக்கா கெளம்பிட்டீக?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். "சும்மாதான்" என்று அம்மா சொன்னாள். செல்போன் உள்ளே ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. நான் ஞாபகப்படுத்தினேன். அம்மா காதில் வாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் முதலில் கிளம்புகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு, "இது எதுவரைக்கும் போகும்?" என்று அம்மா அவரையே கேட்டாள். டி. கல்லுப்பட்டி என்றார். "அப்ப அதுக்கே குடுங்க."

கல்லுப்பட்டியில் எங்களுக்கு யாரும் இல்லை. அப்பாவோடு ஏதாவது சண்டையா என்று யோசித்துப் பார்த்தேன், அப்படி ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அம்மா ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு சோளக்காடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் திடீரென்று எழுந்து, "இங்கன நிறுத்துங்கண்ணே" என்றாள். கல்லுப்பட்டி வரை எடுத்த டிக்கெட் வீணாகிறதே என்று நான் பதறிக்கொண்டே பின்னால் இறங்கினேன்.

ரோட்டை ஒட்டி ஒரு கண்மாய். அந்த வருடம் நல்ல மழை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் கிடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இதில் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. கொக்குகள் கிளைகளில் ஏறி இருந்தன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைச் சரிவில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், சேற்றில்.

புத்தகத்தை எடுப்பாள் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. "எம்புட்டுத் தண்ணி" என்று மட்டும் சொன்னாள். கால் விரல்களால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள்.

மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வயதான ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "யாரு வீட்டுக்கு வந்தீக தாயி?"

"யாரு வீட்டுக்கும் இல்லண்ணே. சும்மா தண்ணியப் பாக்கலாம்னு வந்தோம்."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "வீட்டுல எதும் மனத்தாங்கலா?"

அம்மா தலையைத் திருப்பி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "பயப்படாதீகண்ணே. அப்படியெல்லாம் இல்ல. வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

"அப்படின்னாச் சரிதான் தாயி" என்றார். ஆனால் மரத்தடிக்குத் திரும்பிப் போகவில்லை. ஆடுகள் அது பாட்டுக்கு மேய, கொஞ்சம் தள்ளி வெயிலிலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். நிழலை விட்டுவிட்டு இவர் ஏன் இப்படிக் காய்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கையில் பிள்ளையோடு தண்ணீர் ஓரமாக வந்து உட்காருகிற பெண்ணைக் கண்டால், தண்ணீரில் இறங்கிவிடுவாளோ என்று எங்கள் பக்கத்தில் யாரும் தனியே விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா என் தோளில் கையைப் போட்டாள். "இப்ப உனக்கு என்ன தோணுது, சொல்லு" என்றாள். என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"தண்ணி வந்துட்டுப் போயிருக்கும்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். "போகட்டும். இந்தா, இங்கன எம்புட்டுக் கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா டியூசனிலிருந்து வந்து பூட்டின வீட்டு முன்னால் நிற்பாள் என்றேன். அப்பா டீக்கு வருவார் என்றேன். கொடியில் துணி காய்கிறது என்றேன். அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். கண் கொக்குகள் மேலேயே இருந்தது. அந்த முகத்தில் இருந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாதது. எங்கள் அம்மாவின் முகம் எப்போதும் அடுத்து செய்ய வேண்டியதைத் தேடிக்கொண்டிருக்கும். இது வேறு யாரோ ஒருத்தியுடைய முகம். அந்த ஒருத்தி என்னை மறந்துவிடுவாளோ என்று தோன்றியதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு இட்லிக்கு அரிசியே ஊறப் போடலம்மா" என்று சொல்லி அழுதேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்தாள். "வா, போவம்" என்றாள். ஆட்டுக்காரர் எங்களோடு ரோடு வரைக்கும் வந்து, உசிலம்பட்டி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, நாங்கள் ஏறி உட்காரும் வரை நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் அக்காவும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் வேட்டி நனைந்திருந்தது. வாசலில் குடங்கள் நிறைந்திருந்தன. அவர் தண்ணீர் பிடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்க போன?"

"கண்மாயப் பாக்க."

"எதுக்கு?"

"சும்மா."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் ஒயர் கூடையில் இருந்த புத்தகம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. குனிந்து, நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்தார். அன்று சாயங்காலமே புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, பேங்க்காரருக்குத் திருப்பிக் கொடுக்க டிவிஎஸ் வண்டியில் தொங்கும் பைக்குள் வைத்தார். "அவரு அவசரமாக் கேட்டாரு" என்றார். யாரும் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"இன்னும் பாதி இருக்கு" என்றாள் அம்மா. அதை அவள் யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

பிறகு அம்மா சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். அரிசியைக் களைந்து ஊற வைத்தாள். கொடியில் இருந்த துணிகளை அள்ளி வந்தாள். டியூசன் பீஸை இன்னும் கட்டவில்லை என்று அப்பாவுக்கு ஞாபகப்படுத்தினாள். என் பாவாடைச் சேற்றைப் பார்த்து, இது எந்தச் சோப்புக்குப் போகும் என்று முதுகில் ஒன்று வைத்தாள். அந்த அடி எனக்கு வலிக்கவே இல்லை. அம்மாவுக்கு என்னமோ ஆகியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவள் பேச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அவ்வளவு நிம்மதியாக, சோறுகூடச் சாப்பிடாமல் தூங்கிப்போனேன்.