மகளின் குரலும் லாரி கேபினின் கரகரப்பும்

என் மகள் ரேடியோவில் பேசப்போகிறாள் என்று தெரிந்த பிறகுதான், என் லாரியில் ரேடியோ ஒழுங்காகக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்பதே எனக்கு உறைத்தது. அதுவரை கரகரப்பை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. பெரிய ஸ்டேஷன்கள் கத்துகிற கத்தலில் பாட்டு எப்படியோ காதில் விழுந்துவிடும். மகள் பேசவிருந்ததோ அவள் படிக்கும் கல்லூரி நடத்துகிற சின்ன ரேடியோவில். கல்லூரி மொட்டை மாடியில் ஒரு கம்பம், அதைச் சுற்றிச் சில பேட்டைகள், அதற்கு மேல் எட்டாது. செல்போனில் கேட்கவும் வழியில்லை. சனிக்கிழமை காலை, கன்னடத்தில், அரைமணி நேரம்.

நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்து சந்தாபுராவில் குடியேறியவர்கள். மனைவி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். நான் கம்பெனி லாரி ஓட்டுகிறேன். ஓசூர் ரோட்டுக் கிடங்குகளுக்கும் வைட்ஃபீல்டுக்கும் நடுவே என் காலம் ஓடுகிறது. மகளுக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றுதான். கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

முதல் சனிக்கிழமை பொம்மனஹள்ளிக் கிடங்கு வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டேன். கடாயில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரே சத்தம். அதற்கடியில் எங்கோ ஒரு பெண்பிள்ளை பேசிக்கொண்டிருந்தாள்.

“எப்படிப்பா இருந்துச்சு?” என்றாள் மகள் சாயங்காலம்.

“நீ பேசுனது கேட்டுச்சும்மா. என்ன பேசுனேன்னுதான் கேக்கல.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பரவால்லப்பா. அடுத்த வாரம் விட்டுடாதே. அம்மாவையும் அவங்க ஃபேக்டரி ஆன்ட்டிங்களையும் பேச வெச்சு ரெக்கார்ட் பண்ணியிருக்கேன்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கொடியிலிருந்து துணி எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“நீ பேசியிருக்கியா? என்ன பேசுன?”

“ரேடியோவுல கேட்டுக்கோங்க. அந்த நேரம் நான் மெஷின்ல இருப்பேன், எனக்குக் கேக்க முடியாது. நீங்கதான் கேட்டு வந்து சொல்லணும்.”

மறுநாள் ஞாயிறு. மச்சானை வரச் சொன்னேன். மனைவியின் தம்பி, வண்டிகளுக்கு விளக்கும் கேமராவும் மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். என் கேபினில் இருப்பதெல்லாம் அவன் கைவண்ணம்தான்: கண்ணாடியில் கேமரா, மாதா படத்தைச் சுற்றி நீல விளக்கு, குட்டி ஃபேன், போன் சார்ஜர். கம்பெனிக்காரர்கள் வைத்த ஜிபிஎஸ் பெட்டி ஒன்றுதான் அவன் கை படாதது. அதனால் அவனுக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

“முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணு மாமா. சாவி மட்டும் ஆன்ல இருக்கட்டும்.”

அணைத்தேன். கரகரப்பு அப்படியே இருந்தது.

“அப்போ இன்ஜின் பக்கம் கோளாறு இல்ல. ஒவ்வொண்ணா புடுங்கிப் பாத்துடலாம்.”

ஃபேனைப் பிடுங்கினோம்; மாற்றமில்லை. நீல விளக்கைக் கழற்றியதும் கொஞ்சம் குறைந்ததாக இருவருக்குமே பட்டது. சார்ஜரை எடுத்தோம். கேமராவின் பிளக்கை லைட்டர் ஓட்டையிலிருந்து உருவியதும் சத்தம் பளிச்சென்று பாதியாக இறங்கியது. ஆனால் மீதிப் பாதி நகரவில்லை. பிடுங்குவதற்கு இனி ஒன்றுமில்லை.

“நான் சொல்லல? கம்பெனிப் பெட்டிதான். கழட்டிடலாமா?”

“பேடா, வேணாம் மச்சான். கழட்டுனா வண்டி காணோம்னு ஆபீஸ்ல அலறுவாங்க.”

கம்பியையாவது பார்க்கிறேன் என்று சொல்லி, டெஸ்டர் எடுக்க அவன் கீழே இறங்கினான். சட்டென்று கேபின் அமைதியானது. தேங்காய்ச் சட்னி புளிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ரேடியோவில் ஓர் அம்மா கன்னடத்தில் எனக்கு மட்டும் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார்.

“மச்சான்! சரியாயிடுச்சு!”

அவன் ஏறி வந்தான். கர்ர்ர்.

“இறங்கு.”

இறங்கினான். சட்னி.

“ஏறு.”

கர்ர்ர்.

“இன்னா மச்சான் இது? உன் உடம்புல என்னதான் வெச்சிருக்க?”

அவன் தன் கைகளைப் பார்த்தான், சட்டைப்பையைத் தடவினான். பிறகு மெதுவாகக் கழுத்தைத் தொட்டான். வெயிலுக்காகக் கழுத்தில் மாலைபோல மாட்டிக்கொள்ளும் பேட்டரி விசிறி, வந்ததிலிருந்து அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அணைத்தான். ரேடியோ தெளிந்தது.

சீட் குலுங்கக் குலுங்கச் சிரித்தோம். தெருவில் காய்கறி வண்டிக்காரர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விசிறியை வீட்டுக்குள் வைத்துவிட்டு முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினோம். ஃபேன் யோக்கியம். சார்ஜர் யோக்கியம். நீல விளக்கும் யோக்கியம். அதைக் கழற்றியபோது சத்தம் குறைந்தது என்று நானே சத்தியம் செய்திருப்பேன். கேமராவின் பிளக்கைச் செருகியதும் எண்ணெய் பொரிய ஆரம்பித்தது. லாரி பேட்டரியின் மின்சாரத்தைக் கேமராவுக்குத் தக்கபடி குறைத்துக் கொடுப்பது அந்தப் பிளக்தான். மட்டமான சரக்கு, அதனால் இரைச்சலைக் கக்கியது. போதாக்குறைக்கு, கேமரா வயரும் ரேடியோவின் ஆன்டெனா வயரும் கண்ணாடி ஓரமாக ஒரே டேப்பில் சுற்றப்பட்டிருந்தன.

“அழகா இருக்கட்டும்னு நான்தான் சேத்துக் கட்டினேன் மாமா,” என்றான் மச்சான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அன்றே கடையிலிருந்து நல்ல பிளக் கொண்டுவந்தான். கேமரா வயரைப் பிரித்து எதிர்ப்பக்கமாக இழுத்தான். அதன்மேல் கறுப்பாக ஒரு வளையத்தையும் மாட்டினான். மிச்சம் மீதி இரைச்சலை அது விழுங்கிவிடுமாம்.

சனிக்கிழமை அதே கிடங்கு வரிசை. மகளின் குரல் பக்கத்து சீட்டிலிருந்து வருவதுபோல வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, “நம்ம பொண்ணு!” என்று சத்தமாகவே சொன்னேன். கேட்டிலிருந்த செக்யூரிட்டிக்காரர் அருகில் வந்தார்.

“யாரு சார், நிம்ம மகளா?”

“ஹௌது,” என்று தலையாட்டினேன்.

அவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். தையல்காரப் பெண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பிறகு மகள், தன் அம்மாவிடம் பேசுவதாகக் காட்டிக்கொள்ளாமல், “லீவு நாளில் என்ன செய்வீர்கள் மேடம்?” என்று கன்னடத்தில் கேட்டாள்.

என் மனைவியின் குரல் நிதானமாகப் பதில் சொன்னது. “ஒவ்வொரு ஞாயிறும் எங்கேயாவது கூட்டிப் போகிறேன் என்பார் வீட்டுக்காரர். ஒவ்வொரு ஞாயிறும் லாரியைக் குளிப்பாட்டுவார். நான் காலைத் திண்டிக்குச் சட்னி அரைப்பேன்.” பின்னால் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

செக்யூரிட்டிக்காரர் என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். “வண்டி துலக்கமாத்தான் இருக்குது சார்,” என்றார் தமிழில்.

சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு கார்மெண்ட்ஸ் வாசலில் போய் நின்றேன். அவள் தன் கூட்டாளிப் பெண்களோடு வெளியே வந்தாள். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. என்னைக் கண்டதுமே சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

“கேட்டுச்சா?” என்றாள்.

“ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. நாளைக்கு எங்க போலாம்?”

அவள் யோசிக்கவே இல்லை. “பன்னேர்கட்டா ஜூ.”

போனோம். மகள் சிங்கம் பார்க்கலாம், புலி பார்க்கலாம் என்று இழுத்தாள். மனைவி நீர்யானைக் குளத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. அது தண்ணீருக்குள் போவதும், நேரம் கழித்து வேறொரு இடத்தில் மூக்கை மட்டும் நீட்டுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் எங்கே எழும்பும் என்று அவள் கை நீட்டிச் சொன்னாள். பெரும்பாலும் தப்பாகவே சொன்னாள். நானும் சொல்லிப் பார்த்தேன். சிங்கத்தை மகள் தனியாகத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.