கையும் கீரையுமாக அகப்பட்டேன்

எண்பத்தைந்தாம் ஆண்டு பாசல் நகருக்கு அகதியாக வந்த நாள்முதல் நானும் அறைத்தோழன் சிவமும் மூன்று நேரமும் கோழிக்கறிதான் சாப்பிட்டோம். ஊரில் எப்போதாவது கண்டதை இங்கே தினமும் கண்டால் விடுவோமா? இரண்டே வருடத்தில் எனக்குப் பிரஷர். இறைச்சியைக் குறைக்கச் சொன்னார் டொக்டர்.

நான் கோப்பை கழுவும் உணவகத்தில் பீட்ரூட், முள்ளங்கி இலைகளை வெட்டிக் குப்பையில் போடுவார்கள். பார்க்க வயிறு எரியும். நல்லவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரியல்போல வறை வறுத்தேன்.

“கேட்டு எடுத்தனியோ?” என்றான் சிவம்.

“குப்பையை ஆரும் கேட்டு எடுப்பினமோ?” என்றேன்.

ஒருநாள் உணவகத்தில் பெரிய இறைச்சித் துண்டொன்றைக் காணவில்லை. தலைமைச் சமையற்காரர் வாசலில் என் வீங்கிய பையைப் பிடித்துக்கொண்டார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத நேரம். கள்ளன் என்ற பெயர் விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பயந்தேன்.

பையைக் கவிழ்த்தார். இலைகள் கொட்டின.

“முயல் வளர்க்கிறாயா?”

“இல்லை, நான்தான் சாப்பிடுகிறேன்.”

அவர் நம்பவில்லை. அங்கேயே வெங்காயமும் மிளகாயும் வதக்கி, கேக்குக்கு வைத்திருந்த தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்துக் கொடுத்தேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டார். காணாமற்போன இறைச்சி, பிறகு தேடியபோது குளிரறையின் கீழ்த்தட்டில் கிடந்தது.

இப்போது குப்பையென்றாலும் கேட்டுத்தான் எடுக்கிறேன். இறைச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிரஷரும் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் வேலையாட்கள் எல்லோருக்கும் நான்தான் வறை வறுக்கிறேன்.

அன்று கோப்பை கழுவுவது தலைமைச் சமையற்காரர்!